ஹினோகுச்சிக்கு ஏழு மணி வண்டி

மகளுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை என்று எழுதியிருப்பதாக ஒனுகி வாத்தியார் சொன்னபோது, சகியோவுக்கு முதலில் கோபம் வரவில்லை. யாருடைய மகளைச் சொல்கிறார் என்றுதான் தோன்றியது. அவர் சொன்ன மகள் சிகுசா பக்கத்து அறையில் பள்ளிச் சீருடையோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விடியும்போதே எழுந்து, சீருடை மாட்டி, தலையை வாரிப் பின்னிக்கொண்டு, போக வண்டி கிடைக்காத நாளிலும் சாயங்காலம் வரை அதைக் கழற்றாமல் இருக்கிற பெண் அவள். பதின்மூன்று வயதில் அவ்வளவு பிடிவாதம்.

"யாரு சொன்னது சென்செய், அவளுக்குப் பிடிக்கலைன்னு?" என்று கேட்டாள். வாத்தியாரை அங்கே சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

வாத்தியார் ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரிப்பதில் மும்முரமானார். "யாரும் சொல்லலைங்க. வருஷத்துல முப்பது நாளுக்கு மேல பிள்ளை வரலைன்னா மேலிடத்துக்குக் காரணம் சொல்லியாகணும். அவங்க அனுப்புற தாள்ல நாலஞ்சு கட்டந்தான் இருக்கு. நோய், வீட்டுப் பிரச்சினை, கூடப் படிக்கிறவங்களோட சண்டை, அப்புறம் ஆர்வமில்லாமை. இதுல ஒண்ணுல டிக் அடிக்கணும்."

"பஸ் இல்லைன்னு ஒரு கட்டம் இல்லையா?"

"இல்லைங்களே."

"அதுக்காக எம்பொண்ணுக்கு ஆர்வம் இல்லைன்னு எழுதிட்டீங்க."

"நோய்னு எழுதினா டாக்டர் சீட்டு கேப்பாங்க. சண்டைன்னு எழுதினா விசாரணை வைக்கணும். வீட்டுப் பிரச்சினைன்னா உங்க தலையில விடியும். யோசிச்சுப் பாத்தா, இதுதான் யாருக்கும் நோகாத கட்டம்."

யாருக்கும் நோகாதாம். சகியோவுக்கு அப்போதுதான் காது மடல் சூடாயிற்று. வாத்தியார் பையிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை வற்புறுத்தாமல், அன்போடு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது எப்படி என்று அதில் போட்டிருந்தது. அட்டையில் ஒரு முயல் போர்வைக்குள் முடங்கிக்கொண்டு சிரித்தது.

"நீங்க எதுல வந்தீங்க, சென்செய்?"

"என் கார்லதான்."

"காலையிலயும் இந்த வழியாத்தானே போறீங்க? பாலத்துக்கிட்ட அவளை ஏத்திக்கலாமே?"

வாத்தியார் பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்தார். "சொந்த வண்டியில மாணவங்களை ஏத்தக்கூடாதுன்னு விதி இருக்குங்க. ஏதாவது ஆச்சுன்னா..."

ஏதாவது ஆச்சுன்னா. அந்த நாட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும் உள்ளேயிருந்து முதலில் வருகிற குரல் அதுதான்.

ஹினோகுச்சி, மலையிடுக்கில் ஆற்றோரமாக ஒட்டிக்கொண்டிருக்கிற சின்னக் குடியிருப்பு. பள்ளிக்கூடம் கீழே நாகுரா நகரத்தில் இருக்கிறது. போன வருஷ வசந்தம் வரைக்கும் காலையில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. ஏறுகிற ஆள் குறைவு என்று அதை நிறுத்திவிட்டு, நகர அலுவலகம் முன்பதிவு டாக்ஸி ஒன்றை விட்டது. முதல்நாளே போன் போட்டுச் சொல்லிவைக்க வேண்டும். அது புறப்படுவதே எட்டரைக்கு. பள்ளியில் மணி அடிப்பது எட்டுப் பத்துக்கு. திங்களும் வியாழனும் அந்த டாக்ஸியும் கிடைக்காது; மூட்டுவலி ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர்கள் முன்னாடியே இடத்தைப் பிடித்துவிடுவார்கள். நடந்து போகலாம் என்றால், கரடி நடமாட்டம் இருப்பதால் அந்தச் சாலையில் பிள்ளைகள் நடக்கக்கூடாது என்று பள்ளிக்கூடமே தடை போட்டிருந்தது. சைக்கிளுக்கும் அதே தடை, கூடவே பனி.

சகியோவால் வண்டி ஓட்ட முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மயங்கி வயலுக்குள் இறங்கினாள். அத்தோடு லைசென்சைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். புருஷன் வடக்கே சுரங்கப்பாதை வேலையில் இருந்தான். புத்தாண்டுக்கும் பித்ருக்கள் பண்டிகைக்கும் வந்து தலையைக் காட்டுவான். அவளுக்கு ஊருக்குள்ளேயே காளான் கொட்டகையில் பொட்டலம் கட்டுகிற வேலை. அவளுக்கென்று வெளியே எங்கேயும் போக வேண்டியதில்லை. மகள் ஒருத்தி போனால் போதும்.

அதற்காக நகர அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே கல்விப் பிரிவில் முரோய் என்று ஒருவர். எப்போதும் கைக்கு உறை போட்டுக்கொண்டு, பேனாவை மூடியோடு பிடித்து ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டுப் படிக்கிற மனுஷன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"முத்திரை இல்லைங்களே."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"கையெழுத்து இருக்கு. பேர் முத்திரை இல்லை. இந்த வட்டம் காலியா இருக்கு பாருங்க. இது காலியா இருந்தா என்னால கையால தொடவே முடியாது."

"வீட்ல இருக்கு. திரும்பிப் போக எனக்கு டாக்ஸி மத்தியானந்தான்."

"முத்திரை இல்லைன்னா எதுவும் நடக்காதும்மா." சிரித்துக்கொண்டே சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

மறுநாள் முத்திரையைக் குத்திக்கொண்டு போய்க் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: காலை நேரத்தில் ஓட்ட நகரத்திடம் வண்டி இல்லை, ஆளும் இல்லை, பரிசீலனை தொடரும். அன்றைக்குக் காளான் கொட்டகையில் பொட்டலங்களைச் சகியோ போட்ட வேகத்தைப் பார்த்து மேஸ்திரிகூடக் கிட்டே வரவில்லை.

இந்த விஷயம் எப்படியோ அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் இகராஷியின் காதுக்குப் போயிற்று. அவருடைய செயலாளர் குவபரா ஒரு நாள் வீடு தேடி வந்தாள். ஐம்பது வயது, கறுப்புக் கோட்டு, மலைச் சாலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத செருப்பு. வாத்தியாரைக் கூப்பிடுவது போலவே எம்.பி.யையும் அங்கே சென்செய் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளை வாத்தியாரிடம் போய்ச்சேர வழி இல்லாவிட்டாலும் தொகுதிக்கு ஒரு வாத்தியார் எப்போதும் உண்டு.

"எங்க சென்செய்க்கு நாடாளுமன்றக் கல்விக் குழுவுல கேள்வி கேக்க நேரம் குடுத்திருக்காங்க," என்றாள் குவபரா. "உங்க பொண்ணு விஷயத்தையே கேக்கப் போறார். அமைச்சர் நேர்ல பதில் சொல்லுவார். நீங்க வந்து பார்வையாளர் வரிசையில உக்காந்து பாக்கணும்."

"அமைச்சர் என்ன சொல்லுவார்?"

குவபரா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தத் தேவையே இல்லை. வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் சிகுசாவும்தான். "கேள்வியை முன்கூட்டியே அமைச்சகத்துக்குக் குடுத்தாச்சு. பதிலும் எழுதி வந்தாச்சு. ஏப்ரல்லேர்ந்து ஹினோகுச்சிக்குக் காலை வண்டி ஒண்ணைச் சோதனையா ஓட்டுறதுக்கு அரசாங்கமே செலவை ஏத்துக்கும்னு இருக்கு."

சகியோவுக்குச் சந்தேகம்தான் வந்தது. "அதான் எழுதியாச்சே. அப்புறம் எதுக்கு நான் தோக்கியோ வரைக்கும் வரணும்? வண்டியை விட வேண்டியதுதானே?"

"அப்படி இல்லை, ஹதானோ-சான்," என்று சகியோவின் குடும்பப் பெயரைச் சொல்லி மரியாதையாக அழைத்தாள் குவபரா. " எழுதி வெச்சது வெறும் தாள். அமைச்சர் வாயால அந்த அறையில சொன்னாத்தான் அது நடவடிக்கைப் பதிவுல ஏறும். ஏறினாத்தான் வாக்கு. சொல்லாட்டா இல்லவே இல்லை."

"ஒருவேளை தப்பா ஏதாச்சும் சொல்லிட்டா?"

குவபரா உண்மையாகவே சிரித்தாள். "எல்லாம் எழுதி வெச்சு வாசிக்கிறதுங்க. எங்க சென்செய் கேக்குறதும் எழுதினது, அவர் சொல்றதும் எழுதினது. தப்பு வர வழியே இல்லை."

அவள் போனதும் சிகுசா பக்கத்து அறைக் கதவை நகர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "ஏப்ரல்னா எட்டாவது ஆரம்பம். அறிவியல் குழுவுல சேரலாம், காலையிலதான் வெச்சிருக்காங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சகியோ அன்றைக்கே காளான் கொட்டகையில் விடுப்புச் சொல்லிவிட்டாள்.

நாடாளுமன்றக் கட்டடத்தில் முதலில் கோட்டைக் கழற்றச் சொன்னார்கள். பிறகு பையை வாங்கிக்கொண்டார்கள். போனை அணைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கைதட்டக்கூடாது, பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, தலையாட்டி ஆமோதிக்கக்கூடாது என்று நீலச் சீருடைக் காவலர் ஒருவர் பணிவாக வாசித்துக் காட்டினார். குழு அறையின் பின்வரிசையில், நெருக்கிப் போட்ட நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள்.

அவள் வாயைக் கட்டிப்போட்ட அந்த அறைக்குள் உறுப்பினர்களுக்கு மட்டும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஒருவர் தாடையை மார்பில் புதைத்துத் தூங்கினார். இன்னொருவர் பேசுகிறவரைப் பார்த்து, "சுருக்கமா சொல்லுய்யா!" என்று கத்தினார். அவருக்குப் பதிலடியாக வேறொருவர், "நீ போன வாரம் பேசினதை விடவா?" என்று கத்த, நாலு பேர் கையைத் தட்டிச் சிரித்தார்கள். சந்தையில் மீன் ஏலம் விடும் இடத்தில்கூட இதைவிட ஒழுங்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் சகியோ. தலையாட்டக்கூடாது என்பதால் நினைப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இகராஷிக்கு முன்னால் பேசியவர் இழுத்துக்கொண்டே போனார். குழுத் தலைவர் மணியைப் பார்த்து முகம் சுளித்தார். ஒருவழியாக, "இகராஷி உறுப்பினர்," என்று அவர் கூப்பிட்டபோது, இகராஷிக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதி போயிருந்தது.

இகராஷி எழுந்து முதல் கேள்வியை வாசித்தார். ஆசிரியர் பற்றாக்குறை பற்றி ஏதோ. அமைச்சர் தன் கோப்பைத் திறந்து, முதல் ஒட்டுத்தாள் இருந்த பக்கத்தைப் பார்த்து வாசித்தார். இகராஷி நன்றி சொல்லிவிட்டு, "நேரம் குறைவா இருக்கறதால இரண்டாவது கேள்வியை விட்டுட்டு மூணாவதுக்குப் போறேன்," என்றார்.

மூன்றாவதுதான் சிகுசாவுடைய கேள்வி. நன்றாகவே கேட்டார். ஹினோகுச்சி என்ற பெயரை அந்த உயரமான கூரைக்குக் கீழே சொன்னார். பள்ளிக்குப் போக ஆசைப்படுகிற ஒரு சிறுமி, வண்டி இல்லாத ஒரே காரணத்தால் ஆர்வமற்ற பிள்ளை என்று எண்ணப்படுவதைச் சொன்னார். ஒரே ஒரு காலை வண்டி, அதை அரசு தருமா என்று கேட்டார். சகியோ உதட்டைக் கடித்துக்கொண்டு கையை மடியில் இறுக்கிப் பிடித்தாள்.

"அமைச்சர்," என்று கூப்பிட்டார் தலைவர்.

அமைச்சர் எழுந்தார். கோப்பில் அடுத்த ஒட்டுத்தாளைப் புரட்டினார். அடுத்தது என்றால் இரண்டாவது. உறுப்பினர் தாண்டிப் போனதை அவர் கவனிக்கவே இல்லை.

"மனம் சோர்ந்து வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளைப் பள்ளிக்கு வருமாறு வற்புறுத்தாமல், அவர்கள் இளைப்பாறுவதற்கு இதமான விளக்கு, சாய்ந்துகொள்ள மெத்தை, கைக்கணினி ஆகியவை கொண்ட 'நிம்மதி மூலை' ஒன்றை அவரவர் இல்லத்திலேயே அமைத்துத் தரும் திட்டத்தை அரசு முன்னெடுக்கிறது." இங்கே அவர் கண்ணாடியைத் தூக்கி, தாளில் இல்லாத ஒரு வரியைத் தானாகவே சேர்த்தார். "குறிப்பாக, உறுப்பினர் இப்போது குறிப்பிட்ட ஹினோகுச்சியிலிருந்தே இதை இந்த மாதத்துக்குள் தொடங்குவோம்."

அமைச்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரிகளில் ஒருவருக்கு முகம் வெளுத்தது. பாதி எழுந்தார். வாசித்துக்கொண்டிருக்கும் அமைச்சரின் சட்டையைப் பிடித்து இழுப்பது எப்படி என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டார். இகராஷி எழுந்தார். இப்போது கேட்பார், இது இல்லையே என் கேள்வி என்று கேட்பார் என்று சகியோ நாற்காலி நுனிக்கு வந்தாள்.

இகராஷி தன் தாளைப் பார்த்து வாசித்தார்: "ஆக்கபூர்வமான பதிலுக்கு அமைச்சருக்கு என் மனமார்ந்த நன்றி. ஹினோகுச்சி மக்கள் எவ்வளவு மகிழ்வார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். அடுத்ததாக நான்காவது கேள்வி..."

அவரும் கேட்கவில்லை. கேள்வியைக் கேட்டவனே பதிலைக் கேட்கவில்லை. சகியோ எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

"பஸ்ஸு! கேட்டது பஸ்ஸு! விளக்கு யாரு கேட்டா? அடுத்த பக்கத்துல இருக்கு பாருங்க, அதை வாசிங்க! ரெண்டு பேருக்கும் காது இல்லையா?"

தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்தார். சத்தம் போட்டுச் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது ஒழுக்கத்தின் சிகரமாகத் திரும்பி முறைத்தார்கள். "பார்வையாளர் அமைதி காக்கவும்," என்றார் தலைவர். "வாசிங்கய்யா! ஒரே ஒரு பக்கந்தான்!" என்று அவள் கத்தினாள். இரண்டு காவலர்கள் அவள் முழங்கையைத் தொட்டார்கள். பிடிக்கவில்லை, தொட்டார்கள். அந்தப் பணிவோடேயே கதவுக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

நடைக்கூடத்தில் அவள் காத்திருந்தாள். குவபரா வரும்போது சொல்லிவைத்த மாதிரி, மன்னிப்புக் கேட்கும் விதமாக இடுப்பு வரை வளைந்துகொண்டேதான் வந்தாள்.

"நிமிருங்க முதல்ல. குனிஞ்சா எனக்கு உங்க மூஞ்சி தெரியலை. தப்பா வாசிச்சதை அவங்க கவனிச்சாங்களா இல்லையா?"

"கவனிச்சுட்டாங்க. இப்பத்தான் அமைச்சகத்து ஆளுங்க வந்து பேசினாங்க."

"அப்போ உள்ள போய்ச் சரியானதை வாசிக்கச் சொல்லுங்க."

குவபரா கையைப் பிசைந்தாள். "அமைச்சர் தாளை மாத்தி வாசிச்சுட்டேன்னு ஒத்துக்கிட்டா எதிர்க்கட்சி விடாது, குழுவே நின்னு போயிரும். எங்க சென்செய்யும் பதிலைக் கேக்காமலேயே நன்றி சொன்னதா ஆயிரும். அதனால ரெண்டு பக்கமும் பேசி, சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்னு..."

"எம்பொண்ணுகிட்ட யாரு பேசினீங்க?"

"ஹதானோ-சான், ஒண்ணு மட்டும் உறுதி. அமைச்சர் ஊர்ப் பேரைச் சொல்லிட்டார். இந்த மாசத்துக்குள்ளன்னும் சொல்லிட்டார். பதிவுல ஏறிடுச்சு. உங்க ஊருக்கு ஏதாவது ஒண்ணு கட்டாயம் வந்தே தீரும்."

"ஏதாவது ஒண்ணு," என்றாள் சகியோ. "பசின்னு வந்தவங்களுக்குக் குடையைக் குடுத்துட்டு, ஏதோ ஒண்ணு குடுத்தோமேங்கிறீங்க. அந்த ஆளு வாயிலேர்ந்து வர வேண்டியது ஒத்தை வரி. அதைக்கூட உங்களால வாங்கித் தர முடியலை. போங்க, போய் உங்க சென்செய்க்கு அஞ்சாவது கேள்வியை எடுத்துக் குடுங்க."

வீட்டுக்கு வந்தபோது சிகுசா எல்லாவற்றையும் நேரலையில் பார்த்திருந்தாள். சீருடையில்தான் இருந்தாள். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் மூஞ்சி தெரியலை. குரல் மட்டும் கேட்டுச்சு. பள்ளிக்கூடத்துலயும் எல்லாரும் பாத்திருப்பாங்க."

"வெக்கமா இருக்கா?"

சிகுசா கழுத்துப் பட்டையின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். "அமைச்சரே சொல்லிட்டாரே. அப்போ நான் நெஜமாவே ஆர்வமில்லாதவதானாம்மா?"

சகியோ அவளை இழுத்து அணைத்துக்கொள்ளவில்லை. அணைத்தால் அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. "நாளைக்கும் சீருடை போடு," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய், வெட்டத் தேவையில்லாத முள்ளங்கியை வெட்டித் தள்ளினாள்.

பிறகு இணையத்தில் நடவடிக்கைப் பதிவு வந்தது. அமைச்சரின் விளக்கும் மெத்தையும் முழுசாக ஏறியிருந்தன. இகராஷியின் மனமார்ந்த நன்றி ஏறியிருந்தது. அவள் கத்தியதற்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒரே ஒரு குறிப்பு: பேசுவோர் உளர்.

மாசக் கடைசி நெருங்கும்போது ஒரு நாள் காலையில் ஹினோகுச்சிப் பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. சகியோ மிசோ சூப்பை இறக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அந்தப் பாலத்தில் வண்டிச் சத்தம் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. சிகுசா தலையைப் பின்னிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள். இரண்டு பேரும் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழு மணி.

வாசலில் வந்து நின்றது நகர அலுவலகத்தின் வெள்ளை வேன். எட்டுப் பேர் உட்காரலாம். ஓட்டி வந்தவர் முரோய். கை உறையோடு இறங்கி, பின்கதவைத் திறந்து, பெரிய அட்டைப் பெட்டி ஒன்றை மூச்சு வாங்க இழுத்தார்.

"விடியற்காலையில தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். நிம்மதி மூலை வந்திருக்குங்க. விளக்கு, மெத்தை, கைக்கணினி எல்லாம் இருக்கு. இந்த மாசத்துக்குள்ள பொருத்தி, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியாகணும். அமைச்சர் வாக்கு பாருங்க."

சகியோ பெட்டியைப் பார்க்கவில்லை. வேனைப் பார்த்தாள். உள்ளே இருந்த காலி இருக்கைகளைப் பார்த்தாள். "இவ்வளவு காலையில எப்படி வந்தீங்க?"

"எட்டரைக்கு மேல வண்டி கிடைக்காதுங்க. அலுவலகம் திறந்துட்டா ஆளாளுக்கு எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. அதுவரைக்கும் சும்மாதான் கொட்டகையில நிக்குது. அதான் விடிஞ்சதும் எடுத்துட்டு வந்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"சும்மா நிக்குது," என்றாள் சகியோ. "தினமும் காலையில சும்மா நிக்குது. வண்டி இல்லை, ஆளு இல்லைன்னு எனக்கு எழுதி அனுப்புனீங்களே, அப்பவும் இது சும்மாதான் நின்னுச்சு."

"அது வேற கணக்குத் தலைப்புங்க. இது வேற..."

"மெத்தை ஏறி வருது மலைமேல, ஒரு பிள்ளை இறங்கிப் போக முடியலை. உங்களுக்கெல்லாம் ஒரு நாள்கூட உறுத்தலையா?" அவள் குரல் பாலம் வரைக்கும் போயிற்று. மேட்டிலிருந்த மேல்வீட்டுக் கதவு திறந்தது. முரோய் பெட்டிமேல் இருந்த சீட்டை எடுத்து, பேனாவின் மூடியால் ஒரு வட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க மட்டும் முத்திரை போட்டுக் குடுத்தீங்கன்னா, நான் வெச்சுட்டுக் கிளம்பிருவேன்."

சகியோவின் ஏப்ரன் பையில்தான் முத்திரை இருந்தது. முந்தின நாள் கொட்டகையில் சம்பளத்துக்குக் குத்திவிட்டு அப்படியே போட்டு வைத்திருந்தாள். பைக்குள் கையை விட்டாள். சின்ன மரத்துண்டு, விரலுக்குப் பழகினது. அதைக் கெட்டியாக மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"முத்திரை காணலை."

"என்னங்க?"

"எங்க வெச்சேன்னு தெரியலை. தேடணும்."

"கையெழுத்து வேணா..." என்று ஆரம்பித்த முரோய், தானாகவே நிறுத்திக்கொண்டார்.

"கையெழுத்து எதுக்கு? வட்டம் காலியா இருக்கும். வட்டம் காலியா இருந்தா உங்களால கையால தொடவே முடியாதே. முத்திரை இல்லைன்னா எதுவும் நடக்காதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

முரோய் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்த்தது. "அப்போ... பெட்டியை?"

"எடுத்துட்டுப் போங்க. முத்திரை இல்லாம வெச்சுட்டுப் போனா உங்க தலையிலதான் விடியும். நாளைக்குக் கொண்டுவாங்க. இதே நேரத்துக்கு." வீட்டுப் பக்கம் திரும்பி, "சிகுசா! பையை எடுத்துட்டு வா!" என்று கத்தினாள்.

சிகுசாவுக்கு ஒரு பக்கம்தான் பின்னியிருந்தது. மறுபக்கம் அவிழ்ந்த முடியோடேயே ஓடி வந்து வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

"ஹதானோ-சான், இது சாமான் வண்டிங்க. பயணிகளை ஏத்த அனுமதி இல்லை. ஏதாவது ஆச்சுன்னா..."

"ஏற்கெனவே ஆயிருச்சு!" சகியோ வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "ஒரு வருஷமா ஆகிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க எல்லாரும் ஏதாவது ஆயிருமோன்னு பயந்துக்கிட்டே இருந்தீங்க, ஆனது எம்பொண்ணுக்கு. இந்த நிம்மதி மூலை யாருக்குன்னு வந்திருக்கு? அவளுக்குத்தானே? அவ இல்லாத இடத்துல அந்த மெத்தைக்கு என்ன வேலை? மெத்தை போற இடத்துக்கு அவளும் வரட்டும். இல்லைன்னா என்னை இடிச்சுட்டுப் போங்க. அதுக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிப்பீங்கன்னு நானும் பாக்குறேன்."

முரோய் அவளைப் பார்த்தார். உள்ளே பாதி பின்னலோடு நேராக உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திரும்பத் தூக்கி வைத்துவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். சகியோ வழி விட்டாள். வண்டி பாலத்தைத் தாண்டி வளைவில் மறையும் வரைக்கும் நின்று பார்த்தாள். உள்ளே போய் ஆறிப்போன சூப்பை நின்றபடியே குடித்தாள். கோபம் தணியவில்லை. தணிய வேண்டாம் என்றுதான் இருந்தது.

அன்றைக்குச் சிகுசா முதல் மணிக்கு வகுப்பில் இருந்தாள். ஒனுகி வாத்தியார் பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது அவள் 'உள்ளேன்' என்று சொன்னதும் தலை நிமிர்ந்து பார்த்து, எப்படி வந்தாய் என்று கேட்காமலே விட்டுவிட்டாராம். கேட்டால் எழுத வேண்டியிருக்குமே.

மறுநாள் காலையிலும் வேன் வந்தது. மேலிடத்திலிருந்து தினமும் போன் வருவதாக முரோய் சொன்னார். முத்திரை கிடைக்கவில்லை. அதற்கு மறுநாளும் வந்தது. அலமாரி பூராவும் தேடிவிட்டதாகவும் புத்த மாடத்தின் இழுப்பறை மட்டும் பாக்கி என்றும் சகியோ சொன்னாள். மேல்வீட்டுக்காரியின் இரண்டு பிள்ளைகளும் பையை மாட்டிக்கொண்டு வந்து பாலத்துக்கிட்டே நின்றன. முரோய் அவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கதவை மட்டும் திறந்துவிட்டார். பெட்டி ஓரத்தில் ஒதுங்கிக்கொண்டது. சின்னவன் அதன்மேல் பையை வைத்துக்கொண்டான்.

மாசம் முடிந்து அடுத்த மாசம் பிறந்தது. முதல் பனி விழுந்த அன்றைக்கு வேன் வரச் சற்றுத் தாமதமாயிற்று. பிள்ளைகள் மூன்றும் காலை உதைத்துக்கொண்டு நின்றன. சகியோ ஏப்ரன் பைக்குள் கையை விட்டபடி வாசலில் நின்று, முரோய் கண்ணாடியை இறக்கும் வரைக்கும் காத்திருந்தாள்.

"ஹதானோ-சான், இன்னைக்காவது முத்திரை..."

"அஞ்சு நிமிஷம் லேட்டு," என்றாள் சகியோ. "எட்டுப் பத்துக்கு மணி அடிச்சிருவாங்க. நாளைக்கு நேரத்தோட வாங்க."